சிறிய இராணுவம், குறைந்த காசு: வாகனங்களை எப்படி ஒரு வரிசைக்குக் கொண்டு வருவது?

நிலாவெளி_மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். நான் வழங்கல் முகாமைத்துவம் படிக்கிறேன். எங்கள் விரிவுரையாளர் ஒரு கற்பனை நாட்டைத் தந்து திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார். 6,000 பேர் கொண்ட இராணுவம், ஏறத்தாழ 800 வாகனங்கள். அதில் ஏழு வகை லொறி, நான்கு வகை ஜீப், மூன்று வகைக் கவச வாகனம். பாதிக்கு மேல் நன்கொடையாக வந்தவை. எந்த நேரமும் மூன்றில் ஒன்று கராஜில் நிற்கிறது. பத்து வருடத்துக்குக் கொஞ்சம் பணம் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் புதிதாக வாங்கக் காணாது.

கவச வாகனத்தை முதலில் மாற்ற வேண்டும் என்று என் குழுவில் எல்லோரும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இங்கே டிப்போவிலும் கராஜிலும் வேலை செய்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எதிலிருந்து தொடங்குவீர்கள்?

உவர்மலை_டீசல்

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. கவச வாகனம் பார்வைக்குப் பெரிது, எண்ணிக்கையில் கொஞ்சம். இராணுவம் அன்றாடம் ஓடுவது லொறியில். அரிசி, தண்ணீர், டீசல், ஆட்கள் எல்லாம் அதில்தான் போகின்றன. லொறி நின்றால் கவச வாகனத்துக்கும் எண்ணெய் போய்ச் சேராது. ஆகவே முதல் காசு லொறிக்கு. அதன் பிறகு ஜீப். கவச வாகனம் கடைசி.

அடுத்த விஷயம். எந்த வாகனத்தை வாங்கலாம் என்று தொடங்கினால் கண்காட்சிக்குப் போன மாதிரி ஆகிவிடும். எது தேய்கிறது என்று தொடங்குங்கள். டயர், பற்றறி, ஃபில்டர், பிரேக் லைனிங், கிளச் தட்டு, வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், இன்ஜெக்டர். கராஜில் நிற்கும் வாகனங்களில் பெரும்பாலானவை எஞ்சின் வெடித்து நிற்பவை இல்லை. இந்தச் சில்லறைச் சாமான் ஒன்று வரும்வரை காத்து நிற்பவை. ஏழு வகை லொறியை இரண்டாக்க முடியாவிட்டாலும், ஏழுக்கும் இரண்டே டயர் அளவு, ஒரே 24 வோல்ட், ஒரே பற்றறி அளவு என்று கொண்டு வர முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, ஆள். பழைய பிரித்தானிய, ஜப்பானிய லொறிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டு எதிர்த்திசையில் கழலும். வேறு ரகத்தில் பழகிய பொடியன் அதில் கை வைத்தால் என்ன செய்வான்? கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்குவான். வரவில்லை என்று இரும்புக் குழாயைச் சாவியில் மாட்டி மேலே ஏறி நிற்பான். ஸ்டட் முறியும். அது அவன் பிழை இல்லை. காலையில் ஒரு ரகம், மத்தியானம் இன்னொரு ரகம் என்று வேலை கொடுத்தவர் பிழை. ஒரே ரகத்தில் ஐந்து வருடம் கை பழகிய மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்வான். அந்தப் பழக்கம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராத சொத்து.

மூதூர்_லொறி

டீசல் அண்ணை சொன்னதை நான் காசு போட்டுப் படித்திருக்கிறேன். என்னிடம் மணல், நெல் ஏற்றும் லொறிகள் சில இருக்கின்றன. முன்பு மலிவாகக் கிடைத்ததையெல்லாம் வாங்குவோம். இப்போது ஒரே ரகம் மட்டும். காரணம் எளிது. இரவில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் நடுவில் நின்றால், எந்தச் சாமான் அடுத்த சந்தியில் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. உலகத்திலேயே நல்ல லொறி என்றாலும் அதன் டயப்ரம் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றால் எனக்கு அது வேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்கு அது திறக்க 2025 ஆனது. அந்தக் காலத்தில் ஓடியவர்கள் யார்? ஊரில் நிறைய இருக்கிற ரகத்தை வைத்திருந்தவர்கள். அரிதான ரகம் வைத்திருந்தவர்கள் ஒன்றைக் கழற்றி மற்றதற்குப் போட்டார்கள். கடைசியில் இரண்டும் நின்றது. தம்பி எழுதும் நாட்டுக்கும் ஒரு நாள் டொலர் இல்லாமல் போகலாம். அதையும் திட்டத்தில் எழுதுங்கள்.

சீனக்குடா_பழையவன்

வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் சொல்லட்டுமா? 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு திருகோணமலையின் பாரம் திடீரென்று கூடியது. ஏப்ரல் 9 ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எங்கள் ஊரில் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அந்த எண்ணெயை எரித்து ஓடிய வண்டிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு எப்போதும் அதில்தான் ஆர்வம்.

அந்தப் போரில் வாகன ரகங்களைக் குறைப்பதில் மூன்று பேர் மூன்று வழியில் போனார்கள். ஜேர்மனியில் கேணல் ஷெல் என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்து, 114 லொறி வகைகளை 19 ஆகக் குறைக்கத் திட்டம் போட்டார்கள். தாளில் அருமையான திட்டம். ஆனால் 1939 இலேயே போர் தொடங்கிவிட்டது. பிடித்த நாடுகளின் லொறிகளையும் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1941 இல் சோவியத் நாட்டுக்குள் போனபோது பிரெஞ்சு, செக் என்று கையில் கிடைத்ததெல்லாம் ஓடியது. அந்தப் பனியில், அந்தத் தூரத்தில், எந்த லொறிக்கு எந்தச் சாமான் என்று தேடியே சீரழிந்தார்கள்.

அமெரிக்கர்கள் ஜீப்பில் செய்தது வேறு. வில்லிஸ், ஃபோர்ட் என்று இரண்டு நிறுவனங்கள் செய்தன. ஆனால் வரைபடம் ஒன்று, எஞ்சின் ஒன்று. ஆறு இலட்சத்துக்கும் மேல் வண்டிகள். வில்லிஸ் சாமானை ஃபோர்ட் ஜீப்பில் பூட்டலாம்.

கனடாக்காரர் நடுவழியில் போனார்கள். ஃபோர்ட், செவ்ரொலே இரண்டுக்கும் ஒரே இராணுவ மாதிரி கொடுத்து நான்கு இலட்சத்துக்கும் மேல் லொறிகள் செய்தார்கள். முன்கூடு, சக்கரம், சேசிஸ் அளவு எல்லாம் ஒரு கட்டுப்பாட்டில். எஞ்சின் மட்டும் அவரவருடையது: ஃபோர்ட் வி-8, செவ்ரொலே ஆறு சிலிண்டர். தொழிற்சாலை ஏற்கனவே செய்வதை மாற்றச் சொன்னால் நேரம் போகும் என்று அதை விட்டுவிட்டார்கள். காசு குறைந்த நாட்டுக்கு இந்தக் கனடிய வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒன்றாக்கப் போனால் ஷெல் மாதிரி நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

பாலையூற்று_வாசி

மன்னிக்க வேண்டும். இந்த இழையை வாசிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த ஊரில் நாங்கள் இராணுவ வாகனத்தைத் தொழில்நுட்பமாகப் பார்த்து வளரவில்லை. வாசலால் போனால் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திய பிள்ளைகள் நாங்கள். ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸ் காணாது. தூரக் கிராமங்களுக்கு பஸ் இல்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு இராணுவத்தின் லொறியை எப்படிச் சீராக்குவது என்று நாங்கள் ஏன் மண்டையை உடைக்க வேண்டும்? தம்பியின் படிப்பைக் குறை சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை_திருமலை

பாலையூற்று அண்ணை, நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லுக்கும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். நானும் அதே காலத்துப் பிள்ளைதான். ஆனால் நான் இந்த விஷயத்தைப் பேசுவது அதே காரணத்துக்காக. அம்புலன்ஸ் வாங்கும் பணமும் கவச வாகனத்துக்கு பிஸ்டன் வாங்கும் பணமும் ஒரே திறைசேரியிலிருந்து போகின்றன. எங்கள் நாட்டிலேயே 2023 ஜனவரியில், இராணுவத்தை 2030 அளவில் ஒரு இலட்சம் பேராகக் குறைப்போம் என்று அறிவித்தார்கள். ஆள் குறைந்தால் வாகனமும் குறைய வேண்டும். எதை வைத்து எதை விடுவது என்று குடிமக்கள் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி தம்பிக்கு. வாங்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆயுதத் தளபாடம் ஒன்றின் மொத்த வாழ்நாள் செலவில் ஏறத்தாழ 70 வீதம் ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் போகிறது என்பது அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. மலிவு விலைக் கேள்விப்பத்திரத்துக்கு (டென்டருக்கு) ஒப்பந்தத்தைக் கொடுக்கும் முறை, மிச்ச 30 வீதத்தை மட்டும் பார்க்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு ரகம் உள்ளே வருகிறது. யாரும் திட்டமிட்டு ஏழு வகை லொறி வாங்கவில்லை. ஏழு தடவை கேள்வி கோரினார்கள், ஏழு தடவையும் வேறு ஆள் குறைந்த விலை போட்டார். இதற்கு மருந்து, வருடா வருடம் கேள்வி கோராமல் எட்டு, பத்து வருடத்துக்கு ஒரே சட்டக ஒப்பந்தம், அதாவது ரகத்தையும் நிபந்தனையையும் முதலிலேயே முடிவு செய்து, காசு வரும்போது அதன் கீழ் வாங்குவது. வருடம் இருபது லொறிதான் வாங்க முடியும் என்றாலும், அதே இருபது, அதே ரகம்.

நன்கொடை இன்னொரு பொறி. அமெரிக்கா மேலதிகத் தளபாடத்தை நட்பு நாடுகளுக்கு இலவசமாகத் தருவது உண்டு. ஆனால் நிற்கிற இடத்தில், நிற்கிற நிலையில்தான் தருவார்கள். கப்பல் கூலியும் திருத்தச் செலவும் வாங்குபவர் தலையில். ஈராக் போர்க் காலத்தில் கண்ணிவெடியைத் தாங்கும் வாகனங்கள் 27,000 வரை அவசரத்தில் பல நிறுவனங்களிடம் வாங்கினார்கள். பின்னர் தங்களுக்கே அது அதிகமாகிப் பெருந்தொகையைக் கழித்துவிட்டார்கள். இலவசம் என்று பத்தை வாங்கினால், அந்தப் பத்துக்கும் தனி ஃபில்டர், தனிப் பயிற்சி, தனி றாக்கை. நன்கொடையை ஏற்பதற்கு ஒரு எழுத்துமூல விதி வேண்டும்: எங்களிடம் ஏற்கனவே உள்ள ரகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு முழு அணிக்குப் போதுமான தொகை, ஐந்து வருட உதிரிப்பாகத்தோடு வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நன்றி சொல்லி மறுக்க வேண்டும்.

ரகத்தைக் குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று உங்கள் குழு கேட்கும். ஒரு சின்னக் கணக்கு. நான்கு வகை லொறி, ஒவ்வொன்றிலும் பத்து. எதிர்பாராத பழுதுக்கென்று வகைக்கு இரண்டு கியர்பொக்ஸ் கையிருப்பில் வைத்தால் எட்டு. நாற்பதும் ஒரே வகை என்றால் அதே பாதுகாப்புக்கு நான்கு போதும். புள்ளியியலில் இதற்குச் சூத்திரமே உண்டு: பாதுகாப்புக் கையிருப்பு வகைகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். நான்கு ஒன்றானால் பாதி.

நிலாவெளி_மாணவன்

ஐயா, இந்த வர்க்கமூலக் கணக்கு ஒன்றே என் குழுவின் வாயை அடைக்கும். மிக்க நன்றி. பாலையூற்று அண்ணா, நீங்கள் சொன்னதை என் முன்னுரையில் சேர்ப்பேன். அந்த 800 வாகனங்களும் தேவைதானா என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று இப்போது படுகிறது.

உவர்மலை_டீசல்

நல்லது தம்பி, அதுதான் சரியான தொடக்கம். ஓடாமல் நிற்பதைக் கணக்கிலிருந்து எடுத்தாலே 800 என்பது 600 ஆகலாம்.

டிப்போ பக்கத்திலிருந்து ஒரு உதாரணம். 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பெனிகளையெல்லாம் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கினார்கள். ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஒவ்வொரு விதமான பஸ் வந்து சேர்ந்தது, உங்கள் கற்பனை இராணுவம் போலத்தான். அப்போது லண்டனில் கழித்த ஆர்.டி. இரட்டைத் தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் கொண்டு வந்தார்கள். பழைய சாமான் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆனால் அந்த பஸ் வடிவமைக்கப்பட்ட விதம் தெரியுமா? லண்டன் ஓல்டனம் தொழிற்சாலையில் உடலைத் தூக்கி எந்தச் சேசிஸிலும் வைக்கும் அளவுக்கு அளவுகள் ஒன்றாக இருந்தன. பழையதாக இருந்தாலும் ஒரே ரகம் நூற்றுக்கணக்கில் கிடைத்தால், புதிய ரகம் பத்தை விட அது மேல். காசில்லாத இராணுவத்துக்கும் இதையே சொல்வேன். ஏதாவது ஒரு பெரிய நாடு ஒரு ரகத்தை மொத்தமாகக் கழிக்கும் நேரத்தைப் பார்த்து, ஓடுவதற்கு நூறு, கழற்றுவதற்கு முப்பது என்று ஒரே தடவையில் வாங்க வேண்டும்.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1980களில் தென்னாபிரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த பஃபல் கண்ணிவெடிக் கவச வாகனம் மேர்சிடிஸின் யுனிமொக் லொறிச் சேசிஸில் கட்டியது. எஞ்சின் மேர்சிடிஸ் ஓ.எம். 352. சிலிண்டரின் துளை 97 மில்லிமீற்றர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் ஓட்டம் 128. இப்போது எங்கள் வீதிகளில் ஓடிய பழைய டாட்டா 1210 இன் 697 எஞ்சினை எடுங்கள். அதே 97, அதே 128, ஆறு சிலிண்டர். டாட்டாவும் டைம்லர் பென்ஸும் 1954 முதல் 15 வருடம் கூட்டாக இருந்ததன் வாரிசு அது. எல்லாச் சாமானும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் டாட்டாவைப் பிரித்துப் பூட்டிய கைக்கு அந்த எஞ்சின் அந்நியமில்லை. பின்னர் இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் படையணி பஃபலைப் பார்த்து யுனிகோர்ன், அதன் பிறகு யுனிபஃபல் என்று இங்கேயே கட்டியது. அரசியலை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தொழிலாகப் பார்த்தால், ஊரில் ஏற்கனவே தெரிந்த எஞ்சினைச் சுற்றி வாகனத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான்.

ஒஸ்லோ_திருமலையான்

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது அன்புவழிபுரம். இங்கே சின்ன நாடுகள் செய்வதைப் பார்த்து ஒன்று சொல்லலாம்: தனியாக வாங்காதே, பக்கத்து வீட்டோடு சேர்ந்து வாங்கு. 2014 இல் நோர்வேயும் சுவீடனும் சேர்ந்து ரைன்மெட்டால் எம்.ஏ.என். லொறிகளுக்கு ஒரே சட்டக ஒப்பந்தம் போட்டன. நோர்வே நேட்டோவில் இருந்தது, சுவீடன் அப்போது உள்ளே வரவில்லை. ஆனாலும் லொறி ஒன்று.

பெல்ஜியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2018 இல் பிரான்ஸின் கவச வாகனங்களில் கிரிஃபோன் ரகத்தில் 382, ஜகுவார் ரகத்தில் 60 வாங்குவது என்று முடிவெடுத்து, பிரெஞ்சு இராணுவம் வைத்திருக்கும் அதே வாகனத்தை, அதே பயிற்சியோடு எடுத்தது. தனக்கென்று மாற்றங்கள் கேட்டு விலையை ஏற்றிக்கொள்ளவில்லை. பெரியவன் உற்பத்தியை நிறுத்தாத வரை உனக்கும் சாமான் வரும்.

அயர்லாந்து கவச வாகனத்தில் பல தலைமுறைப் பழசுகளை வைத்திருந்தது. 2001 முதல் மோவாக் பிரான்ஹா வாங்கத் தொடங்கி 80 வரை சேர்த்தது. ஒரே சேசிஸ், அதன் மேல் ஆள் ஏற்றுவது, கட்டளை வாகனம், அம்புலன்ஸ், வேவு வாகனம் என்று வெவ்வேறு உடல். 80 என்பது சின்ன எண். ஆனால் மெக்கானிக்குக்கு எல்லாம் ஒரே வண்டி.

நியூசிலாந்தைப் பார்த்து எதைச் செய்யக் கூடாது என்பதையும் படிக்கலாம். 2001 இல் 105 எல்.ஏ.வி. கவச வாகனத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஒரே ரகம், நல்ல விஷயம். ஆனால் தேவைக்கு மேல் வாங்கிவிட்டார்கள் என்று அங்கே நெடுநாள் வாக்குவாதம். கடைசியில் 2022 இல் 22 ஐ சிலிக்கு விற்றார்கள். இலகு வாகனத்துக்கு 321 பின்ஸ்காவர் வாங்கினார்கள். ஒஸ்திரியாவில் பிறந்த வண்டி, இங்கிலாந்துக்கு மாறி, பிறகு உற்பத்தியே நின்றுபோனது. எண்ணிக்கை போதும், ரகம் ஒன்று, ஆனால் பின்னால் தாய்த் தொழிற்சாலை இல்லை. அதே நாடு 2013 இல் பழைய யுனிமொக், மேர்சிடிஸ் லொறிகளுக்குப் பதிலாக 194 எம்.ஏ.என். வாங்கியது. அதுவே பிரித்தானியாவும் அவுஸ்திரேலியாவும் வைத்திருக்கும் குடும்பம். என் பார்வையில் மூன்றிலும் நல்ல வாங்கல் அந்த லொறிதான்.

கிண்ணியா_ஸ்டோர்ஸ்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லோரும் வண்டியைப் பேசுகிறீர்கள், களஞ்சியத்தை யாரும் பேசவில்லை. நான் உதிரிப்பாகக் களஞ்சியம் பார்த்தவள். ஒரு இடத்துக்குப் பொறுப்பெடுக்கப் போனபோது ஒரே ஒயில் ஃபில்டர் ஐந்து பெயரில் ஐந்து றாக்கையில் இருந்தது. ஒன்றில் கம்பெனி இலக்கம், ஒன்றில் சிங்களத்தில் பெயர், ஒன்றில் வண்டிப் பெயர், ஒன்றில் பழைய ஸ்டோர்கீப்பர் வைத்த இலக்கம், ஒன்றில் எதுவுமே இல்லை. பெட்டியைத் திறந்து றப்பர் வளையத்தின் விட்டத்தையும் மரையையும் அளந்து பார்த்த பிறகுதான் ஐந்தும் ஒன்று என்று தெரிந்தது. அந்த வாரம்கூட அதே ஃபில்டர் இல்லை என்று இரண்டு வண்டி நின்றது.

அதனால் தம்பி, முதல் வருடத்தில் ஒரு வண்டியும் வாங்காதீர்கள். எண்ணுங்கள். நேட்டோ நாடுகள் ஒவ்வொரு சாமானுக்கும் 13 இலக்கக் குறியீடு வைத்திருக்கின்றன. முதல் நான்கு இலக்கம் எந்த வகைச் சாமான் என்று சொல்லும், அடுத்த இரண்டு எந்த நாடு பதிந்தது என்று. அதே முறை வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரு சாமானுக்கு ஒரு இலக்கம், ஒரு இலக்கத்துக்கு ஒரு சாமான். அதைச் செய்து முடித்தாலே எந்தெந்த ரகங்கள் ஏற்கனவே ஒரே சாமானைப் பாவிக்கின்றன என்று வெளிச்சத்துக்கு வரும். 7.50-16 டயரை எடுங்கள். லாண்ட் ரோவருக்கும் அதுதான், சின்ன லொறிகள் பலவற்றுக்கும் அதுதான். ஜீப்புக்கென்று தனியாக டயர் கேட்டு ஓடர் போட்டிருப்பார்கள்.

பெயரில் ஒன்று, பொருளில் வேறு என்பதும் உண்டு, அது இன்னும் ஆபத்து. உக்ரைனுக்குப் பிரித்தானியா 14 சலஞ்சர்-2 போர்த் தாங்கிகள் கொடுத்தது. அதன் பீரங்கி 120 மில்லிமீற்றர். ஜேர்மன் லெப்பர்ட்-2 க்கும் 120, அமெரிக்க ஏப்ரம்ஸுக்கும் 120. ஆனால் சலஞ்சரின் குழாய் உள்ளே வரி வெட்டியது, மற்ற இரண்டும் வழுவழுப்பானவை. ஒன்றின் குண்டை மற்றதில் போட முடியாது. பட்டியலில் 120 என்று மட்டும் எழுதி வைத்த ஸ்டோர்கீப்பர் என்ன செய்வார் என்று யோசியுங்கள்.

இன்னொரு விஷயம், உப்புக் காற்று. திருகோணமலையில் களஞ்சியம் வைத்தவர்களுக்குத் தெரியும், பெட்டி பிரிக்காத பேரிங்கிலும் துரு வரும். ஒரு வருடச் சாமானை ஒரே தடவையில் வாங்கினால் மலிவுதான், ஆனால் வைக்க இடம் சரியாக இருக்க வேண்டும். லொறிக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை நல்ல கூரைக்கும் றாக்கைக்கும் ஒதுக்குங்கள்.

மூதூர்_லொறி

கிண்ணியா அக்கா சொன்ன ஃபில்டர் கதை என் கராஜிலும் நடக்கிறது. நாளைக்கே பொடியன்களை எண்ண வைக்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. எல்லாமே ஒரே ரகம் என்றால், அந்த ரகத்தில் ஒரு பிழை வந்தால் எல்லாமே நிற்காதா? கம்பெனி விலையை ஏற்றினால் யாரிடம் போவது? லாண்ட் ரோவர் டிஃபெண்டரை எத்தனை இராணுவங்கள் நம்பியிருந்தன. 2016 ஜனவரி 29 அதன் கடைசி வண்டி வெளியே வந்தது, அத்தோடு சரி. என் தொழிலிலும் முகவர் ஒருவர் தனக்குப் போட்டி இல்லை என்று தெரிந்ததும் பேச்சையே மாற்றினார்.

உவர்மலை_டீசல்

மூதூர்த் தம்பி, சரியான கேள்வி. அதனால்தான் நான் ஒன்று என்று சொல்லவில்லை. நடுத்தர லொறி இரண்டு ரகம், மூன்றில் இரண்டு பங்கு ஒன்று, மிச்சம் மற்றது. இரண்டுக்கும் டயர், பற்றறி, 24 வோல்ட் ஒன்று. ஒன்றில் பிழை வந்தால் மற்றது அரிசி ஏற்றும். முகவருக்கும் போட்டி இருக்கும். இரண்டுக்கு மேல் போனால் பழைய கதைதான்.

ஜீப்புக்கு இராணுவ வண்டியே தேவையில்லை. கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) மின்சார சபையிலும் ஓடுகிற அதே பிக்கப், அதே நிறுவனம். லாண்ட் குரூசர் 70 வரிசை 1984 இல் வந்தது, இன்றைக்கும் செய்கிறார்கள். அந்த வயதுக்கு ஒரு மதிப்பு உண்டு. முன்வரிசைக்குப் போகாத வாகனத்துக்கு இராணுவ விலை கொடுப்பது வீண். சாதாரண லொறியில் உயரமான ஏர் இன்டேக், இழுவைக் கொக்கி, பச்சை நிறம், அவ்வளவுதான். மகாவலி பெருகி வெருகல் பக்கம் தண்ணீர் நிற்கும்போது ஆட்களை ஏற்றி வருவதும் அதே லொறிதான். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் உடல்களையும் உணவையும் ஏற்றியது எல்லாம் சாதாரண டிப்பர், டிராக்டர், சின்ன லொறி.

கவச வாகனத்துக்கு வரும்போது பாலத்தைப் பாருங்கள். 17 தொன் வண்டியை வாங்கிவிட்டு, ஊர்ப் பாலமும் மதகும் தாங்காது என்று முகாமிலேயே நிறுத்தி வைத்தால் என்ன பயன்? பெரிய கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது, அதற்கு முன் பாதையில், அதாவது வண்டி ஏற்றும் மிதவையில், ஏற்றித்தான் கடக்க வேண்டும். பாதையின் கொள்ளளவு எவ்வளவோ, அதுவே அந்தக் காலத்தில் வண்டியின் எடை.

கணக்குப்பிள்ளை_திருமலை

கவச வாகனத்துக்கு ஒரு வருமான வழியும் உண்டு. ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் நாடுகள் தங்கள் வாகனத்தையே கொண்டு போனால், பராமரிப்போடு சேர்த்து மாதாந்தம் வாடகை மாதிரி ஐ.நா. பணம் திருப்பிக் கொடுக்கும். இலங்கைப் படை மாலிக்கு யுனிபஃபல் கொண்டு போனது இந்த முறையில்தான். ஆனால் ஐ.நா. பரிசோதகர் வந்து எண்ணுவார். வாகனங்களில் 90 வீதம் ஓடும் நிலையில் இல்லையென்றால் அந்தப் பணம் வெட்டப்படும். ரகம் கலந்த அணி அந்தப் பாலைவனத்தில் 90 ஐத் தொடுவது கடினம். உங்கள் கற்பனை நாடு அமைதிப்படைக்குப் போகும் நாடாக இருந்தால், கவச வாகனத்தில் ஒரு படைக் கம்பனிக்கான அளவை மட்டும் ஒரே ரகமாக, முழுச் சாமானோடு தயார் செய்யுங்கள். அது தன் செலவில் ஒரு பங்கைத் தானே சம்பாதிக்கும்.

நிலாவெளி_மாணவன்

எல்லோருக்கும் நன்றி. வரிசை இப்போது தெளிவாகிறது: எண்ணுவது, ஓடாததைக் கழிப்பது, டயர் பற்றறி, லொறி, பிக்கப், கடைசியில் கவச வாகனம். ஒன்றே ஒன்று மிச்சம். பழையதை என்ன செய்வது? விற்றால் கொஞ்சம் காசு வருமா?

ஒஸ்லோ_திருமலையான்

தம்பி, விற்பதற்கு முன் வாங்கிய ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். கவச வாகனத்தை உற்பத்தி செய்த நாட்டின் அனுமதி இல்லாமல் மூன்றாம் நாட்டுக்குக் கொடுக்க முடியாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். 2022 இல் டென்மார்க் தன்னிடம் இருந்த பிரான்ஹா-3 சுமார் இருபதை உக்ரைனுக்குக் கொடுக்கப் பார்த்தது. அவை சுவிஸில் செய்தவை. சுவிஸ் தன் நடுநிலைச் சட்டத்தைக் காட்டி மறுத்தது. புதிதாக வாங்கும்போதே, இதைப் பின்னால் யாருக்கு விற்கலாம் என்ற வரியைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அப்போது உங்கள் கை ஓங்கி இருக்கும், பின்னால் இருக்காது.

கிண்ணியா_ஸ்டோர்ஸ்

லொறிக்கு அந்தப் பிரச்சினை குறைவு, உள்ளூரில் ஏலத்தில் போகும். ஆனால் ஏலத்துக்கு முன் இரண்டு வேலை. ஒன்று, மிச்சம் வைக்கும் ரகத்துக்குப் பொருந்தும் சாமான் எல்லாவற்றையும் கழற்றி, இலக்கம் போட்டு றாக்கையில் வையுங்கள். ஓல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ரிம், பற்றறிப் பெட்டி. இரண்டு, கழிக்கும் ரகத்தின் உதிரிப்பாகத்தை வண்டியோடு சேர்த்தே விற்றுவிடுங்கள். அதைத்தான் யாரும் செய்வதில்லை. வண்டி போய்ப் பல வருடம் ஆன பிறகும் அதன் கிளச் தட்டுகள் இடத்தை அடைத்துக்கொண்டு, வருடா வருடக் கணக்கெடுப்பில் சொத்து என்று எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். வாங்குபவருக்கு வண்டியை விட அந்தப் பெட்டிகள்தான் பெறுமதி. ஏல அறிவித்தலில் சாமான் பட்டியலையும் போடுங்கள், விலை கூடும். பட்டியல் எழுதும் மாதிரிப் படிவம் என்னிடம் இருக்கிறது தம்பி, இன்றிரவு இங்கேயே ஏற்றுகிறேன்.